இடக்கையாளரின் மின்னொலிக் கிற்றார்: வன்னிப் பெருநிலத்தில் தெரிவும் தகுதியும்

இடது கையால் தந்தியை மீட்டுகின்ற ஒருவர், தம் கைக்குப் பொருந்துவதும் ஒலிபெருக்கியோடு இணைக்கக்கூடியதுமான கிற்றார் ஒன்றைத் தம் வருவாய்க்குள் அடங்கும் விலையில் எவ்வாறு தெரிவு செய்யலாம் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும். இலங்கையின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தில் இக்கேள்விக்குத் தனியொரு கனம் உண்டு. கருவிக் கடைகள் குறைவு, கிற்றார் பழுது பார்க்கும் வல்லுநர் அதனினும் குறைவு, பலரது வருவாயோ வயலையும் குளத்தையும் கடலையும் நம்பியது என்பதால், ஒருமுறை தவறாக வாங்கப்பட்ட கருவியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு பெரும்பாலானோருக்கு இல்லை. ஆகவே ஒரு கிற்றாரின் குறைகளுள் எவற்றைப் பின்னர் உள்ளூரிலேயே திருத்தலாம், எவற்றைத் திருத்த இயலாது என்ற பாகுபாடே தெரிவின் அடிப்படையாக அமைதல் வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

மின்னொலிக் கிற்றார் என்பது மரப்பெட்டியின் அதிர்வால் தானாகவே ஒலிக்கக்கூடியதும், அவ்வதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் ‘பிக்கப்’ என்னும் உணரியைத் தன்னுள் கொண்டதுமான கருவியாகும். உட்குழிவற்ற பலகையால் ஆன மின்கிற்றாரிலிருந்து இது வேறுபட்டது. மின்சாரம் இல்லாத வீட்டு முற்றத்திலும் ஒலிக்கும், ஆயிரம் பேர் கூடிய திருவிழாப் பந்தலிலும் ஒலிக்கும். இந்த இரட்டைப் பயனே வன்னியின் பாடகர் குழாம்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் இதனை ஏற்ற கருவியாக்குகிறது.

தேவை யாருடையது

மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்ட அளவாகும். இதன்படி நாற்பது மாணவர் உள்ள ஒரு வகுப்பறையில் நால்வர்வரை இடக்கையராக இருக்கலாம். ஆயினும் உண்பதற்கும் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் வலது கையே உரியது என்ற வழக்கம் வேரூன்றிய சமூகத்தில், இடக்கைப் பிள்ளைகள் எழுதுவதற்கும் வலது கையையே பழக்கிக்கொள்ளுமாறு வற்புறுத்தப்பட்ட காலம் நீண்டது. அதனால் இசைக்கருவி பயில வரும்போதும் அவர்கள் தம் கையின் இயல்பைச் சொல்லாமலே வலக்கைக் கருவியை ஏற்றுக்கொள்கின்றனர். கேட்கப்படாத தேவையைக் கடைகளும் இருப்பில் வைப்பதில்லை.

இடக்கையருக்கு நேரும் தடைகளுக்குத் தமிழிசை மேடையே சான்று தருகிறது. 1962இல் மறைந்த மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையர். மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி இருக்கவேண்டும் என்பதால், அவர் வாசிக்கும் கச்சேரிகளில் மிருதங்கமும் வயலினும் இடம் மாறி அமர வேண்டியிருந்தது. இந்த இருக்கை மாற்றத்தை விரும்பாதோரால் அவருக்கு வாய்ப்புகள் தடைப்பட்டன. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றோர் ஆதரவளித்த பின்னரே அவரது வாசிப்பின் ஆழம் பரவலாக அறியப்பட்டது. ஒரு கலைஞனின் கையைத் திருத்துவதைவிட மேடையின் ஒழுங்கைச் சற்று மாற்றுவதே அறிவுடைமை என்பதை அவரது வாழ்வு காட்டுகிறது.

வன்னியில் இத்தேவைக்கு இன்னொரு பரிமாணமும் உண்டு. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போர், இந்நிலத்தில் கைவிரல்களையும் கைகளையும் இழந்த பலரை விட்டுச் சென்றது. வழக்கமான கிற்றாரில் இடது கை விரல்கள் தந்திகளை அழுத்தி ஒலியைத் தீர்மானிக்க, வலது கை மீட்டுகிறது. இடது கை விரல்களை இழந்த ஒருவர், எஞ்சியுள்ள அந்தக் கையில் மீட்டும் துண்டைப் பட்டியால் பொருத்தி மீட்டவும், முழுமையான வலது கையால் தந்திகளை அழுத்தவும் முடியுமாயின், அவருக்கு வேண்டியது இடக்கைக் கிற்றாரே. பிறப்பால் வலக்கையராக இருந்தும் காயத்தால் இக்கருவியைத் தேடுவோரையும் சேர்த்தே வன்னியின் தேவை கணிக்கப்படவேண்டும். இங்கிலாந்தின் டோனி அயோமி இடது கையால் மீட்டுபவர். பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தொன்றில், தந்தி அழுத்தும் வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் உறைகளை விரல்களில் அணிந்தும் மென்மையான தந்திகளைப் பூட்டியும் அவர் உலகறிந்த கலைஞரானார். 1928இல் தீக்காயத்தால் இடது கையின் இரு விரல்கள் செயலிழந்த ஜாங்கோ ரைன்ஹார்ட், எஞ்சிய விரல்களுக்கேற்ப வாசிப்பு முறையையே மாற்றியமைத்துக்கொண்டார். காயமுற்ற கைக்கும் இசைக்கும் இடையில் பொருத்தமான கருவியோ வாசிப்பு முறையோ நின்றால் பாதை திறக்கும் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

ஈழத்துத் தமிழரிடையே கிற்றார் புதிய கருவி அன்று. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் வளர்த்த பொப்பிசையில் அதன் தாளமே முதுகெலும்பாக இருந்தது. தேவாலயப் பாடகர் குழாம்களும் அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றன. எனினும் வன்னியில் மின்னொலிக் கருவிகளின் வளர்ச்சி இடையறுந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் உலர் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, மக்கள் துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஒன்பது வோல்ட் பற்றரியில் இயங்கும் ஒரு கிற்றாருக்கு அக்காலத்தில் இங்கு இடமிருக்கவில்லை. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மின்சாரமும் ஏ-9 வீதியும் புகையிரதமும் மீண்ட பின்னரே, அயலூர்ச் சிறுவர் கிற்றார் பயில்வது பொதுக் காட்சியாயிற்று.

கருவியின் கட்டமைப்பும் கையும்

கிற்றாரைத் திருப்பிப் பிடித்தால் இடக்கைக் கருவியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வெளித்தோற்றத்தில் சமச்சீராகத் தெரிந்தாலும், இக்கருவி பல இடங்களில் கை பார்த்துச் செய்யப்பட்டது.

முதலாவது, தந்திகளின் தடிப்பு. பொதுவான மென் உருக்குத் தந்தித் தொகுதியில் முதலாம் தந்தி ஏறத்தாழ 0.30 மில்லிமீற்றர், ஆறாம் தந்தி 1.35 மில்லிமீற்றர் தடிப்புடையவை. கழுத்தின் தலைப்பகுதியில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்னும் சிறு கட்டையின் பள்ளங்கள் இத்தடிப்புகளுக்கேற்ப அரியப்பட்டுள்ளன. தந்திகளை இடம் மாற்றினால் தடித்த தந்தி குறுகிய பள்ளத்தின் மேலேறி நிற்கும்; மெல்லிய தந்தி அகன்ற பள்ளத்தில் தளர்ந்து இரையும்.

இரண்டாவது, ‘சேடில்’ எனப்படும் எலும்பு அல்லது பிளாஸ்டிக் தகடு. வீணையில் போலவே கிற்றாரிலும் பெட்டியின் மீது தந்திகளைத் தாங்கும் உறுப்பைக் குதிரை என்று வழங்கலாம். அதன் மேல் செருகப்பட்டிருக்கும் தகடே சேடில். மெட்டுகளின் மேல் தந்தியை அழுத்தும்போது அது சிறிது நீண்டு இறுகிச் சுருதி உயர்வதால், அதனை ஈடுசெய்யத் தந்தியின் நீளம் சற்றுக் கூட்டப்படுகிறது. தடித்த தந்திக்குக் கூடுதலான ஈடு வேண்டும் என்பதால் உருக்குத் தந்திக் கிற்றார்களில் சேடில் சாய்வாகப் பொருத்தப்படும். இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு பொதுவாக மூன்று மில்லிமீற்றரை அண்டியது. தந்திகளை மாற்றிப் பூட்டி இச்சாய்வை அப்படியே விட்டால், 650 மில்லிமீற்றர் தந்தி நீளமுள்ள கருவியில் பன்னிரண்டாம் மெட்டில் ஆறாம் தந்தி ஏறத்தாழ எட்டு சென்ட் உயர்ந்தும், முதலாம் தந்தி அதேயளவு தாழ்ந்தும் ஒலிக்கும். சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு. வெளித்தந்திகள் இரண்டுக்கும் இடையில் பதினாறு சென்ட் விலகுமெனின், கழுத்தின் மேற்பகுதியில் எந்தக் கூட்டுச்சுரமும் இணங்கி ஒலிக்காது. பிரடைகளை எவ்வளவு திருகினாலும் இக்குறை நீங்காது.

மூன்றாவது, மின்பகுதியின் இடம். வலக்கை மின்னொலிக் கிற்றாரின் ஒலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, பெட்டியின் மேல்விளிம்பில், வாசிப்பவரின் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுமாறு பொருத்தப்பட்டிருக்கும். கருவியைத் திருப்பினால் அது தொடையின் மேல் அழுந்தும். வாசிப்பின் நடுவே ஒலியளவு மாறும். கழுத்தோரம் பெட்டியில் வெட்டப்பட்டிருக்கும் வளைவு, மேல் மெட்டுகளைக் கை எட்டுவதற்கானது. திருப்பியபின் அது பயனற்ற மேற்புறத்துக்குப் போய்விடும். வாசிப்பவர் குனிந்து நோக்கும் பக்கப் புள்ளிகளும் எதிர்ப்பக்கத்தில் மறையும்.

நான்காவது, மேற்பலகையின் உட்புறத் தாங்கிகள். 1840களில் அமெரிக்காவின் மார்ட்டின் பட்டறையில் உருவான குறுக்குத் தாங்கி முறையில், ஒருபுறமாகச் சாய்ந்த சிறு கட்டைகளும் உள்ளன. இடக்கைக் கருவியில் இவையும் எதிர்த்திசையில் அமைக்கப்படும். ஒலியில் இதனால் விளையும் வேறுபாடு நுண்மையானது. நட்டும் சேடிலும் போல இது தெரிவைத் தீர்மானிக்கும் காரணியன்று.

இடக்கையாளர் முன்னுள்ள வழிகள்

வலக்கைக் கருவியையே வலக்கை முறையில் பயில்வது முதல் வழி. தந்தி அழுத்தும் கைக்கே நுண்மையான வேலை அதிகம் என்பதால் இடக்கையருக்கு இது வசதியே என்போர் உளர். பிரித்தானியக் கலைஞர் மார்க் நொப்லர் இடக்கையராயினும் வலக்கை முறையில் வாசிப்பவர். எந்தக் கடையிலும் கருவி கிடைக்கும், எந்த ஆசிரியரிடமும் பயிலலாம், தேவாலயத்தில் இருக்கும் பொதுக் கருவியை எடுத்தும் வாசிக்கலாம் என்பன இவ்வழியின் நன்மைகள். எனினும் தாளத்தை உடலில் ஏற்று நடத்துவது மீட்டும் கையே. அந்தக் கை இயல்பான கையாக இல்லாதபோது சிலருக்குத் தாளம் நெடுங்காலம் தடுமாறும். பயிலத் தொடங்கும் பிள்ளைக்கு இரு முறைகளையும் சில வாரங்கள் கொடுத்து, கை எதை நாடுகிறது என்று பார்ப்பதே முறை. இடது கையில் காயமுற்றோருக்கு இவ்வழி பெரும்பாலும் பொருந்தாது.

வலக்கைக் கருவியைத் தந்தி மாற்றாமலே தலைகீழாகப் பிடிப்பது இரண்டாவது வழி. அமெரிக்காவின் எலிசபெத் கொட்டன் இவ்வாறு வாசித்து, பெருவிரலால் மெல்லிசையையும் ஏனைய விரல்களால் தாழ்சுரங்களையும் மீட்டும் தனிமுறையொன்றை உருவாக்கினார். புளூஸ் கலைஞர் அல்பர்ட் கிங்கும் கருவியைத் தலைகீழாகவே வாசித்தவர். இம்முறையில் சுருதி பிழைக்காது. ஆயினும் கூட்டுச்சுர வரைபடங்கள் எல்லாம் தலைகீழாக மாறுவதால் ஆசிரியரின் வழிகாட்டல் பயன்படாது. கருவியில் வேறு வழியற்றவர் தம் மேதைமையால் கடந்த பாதை இது. மாணவருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கதன்று.

வலக்கைக் கருவியின் தந்திகளை மாற்றிப் பூட்டுவது மூன்றாவது வழி. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இவ்வாறே செய்தார் என்பது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அவரது மின்கிற்றாரில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சேடில் இருந்து, திருகாணியால் முன்பின் நகர்த்தக்கூடியதாக அமைந்திருந்தது. ஆகவே தந்திகளை மாற்றியபின் ஈட்டை மீண்டும் சரிசெய்ய முடிந்தது. மரப்பெட்டிக் கிற்றாரில் சேடில் பள்ளம் குதிரையில் நிலையாக வெட்டப்பட்டிருப்பதால் அவரது எடுத்துக்காட்டு இங்கு பொருந்தாது. பழைய பள்ளத்தை மரத்தால் நிரப்பி எதிர்ச்சாய்வில் புதிதாக வெட்டவேண்டும்; மின்னொலிக் கருவியாயின் உணரியின் வயருக்கான துளையும் மறுமுனையில் இடவேண்டும். நல்ல தச்சர் வன்னியில் உளரெனினும், அரை மில்லிமீற்றர் பிழையும் பொறுக்காத இவ்வேலைக்குத் தனிப் பயிற்சியும் கருவிகளும் வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நைலோன் தந்திகள் பூட்டிய கிளாசிக்கல் கிற்றாரில் சேடில் வழமையாகச் சாய்வின்றி நேராக இருக்கும். உட்தாங்கிகள் விசிறி வடிவில் பெரும்பாலும் சமச்சீராக அமையும். பெட்டியில் வளைவும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாத வகைகளே மிகுதி. ஆகவே நட்டை மட்டும் எதிர்ப்பள்ளங்களுடன் புதிதாக அமைத்தால் அது ஏறக்குறைய முழுமையான இடக்கைக் கருவியாகிவிடும். மாட்டெலும்பில் அரத்தால் தேய்த்துச் செய்யும் இச்சிறு கட்டையைக் கவனமுள்ள எந்தக் கைவினைஞரும் அமைக்கலாம். நைலோன் தந்திகளின் மொத்த இழுவிசை உருக்குத் தந்திகளினதைவிட வெகுவாகக் குறைவு என்பதால், சிறுவரின் விரலுக்கும் காயமுற்ற விரலுக்கும் அது இதமானது. மிகக் குறைந்த செலவில் தொடங்க விரும்பும் இடக்கையாளருக்கு இதனினும் சிறந்த வழி அரிது.

தொழிற்சாலையிலேயே இடக்கைக்கெனச் செய்யப்பட்ட கருவியை வாங்குவது நான்காவது வழி. இதில் இரு பிரிவுகள் உள்ளன: உணரி இல்லாத இடக்கைக் கருவியை வாங்கிப் பின்னர் உணரி பொருத்துவது ஒன்று; உணரியுடன் கூடியதையே வாங்குவது மற்றொன்று. யமஹாவின் எஃப்ஜி820எல் முதற்பிரிவைச் சேர்ந்தது. முழுமரத்தாலான ஸ்புரூஸ் மேற்பலகை கொண்டது. ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ இடக்கை வடிவமும் ஐபனீஸின் ஏடபிள்யூ54எல்சிஇயும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. முன்னதற்கு ஸ்புரூஸ் மேற்பலகை. இவை இடக்கையாளருக்குக் கிடைக்கும் விலை குறைந்த நல்ல வகைகளுக்கு எடுத்துக்காட்டுகள். வலக்கையருக்குப் பத்து வகைகள் கிடைக்கும் விலைப்படியில் இடக்கையருக்கு ஒன்றிரண்டே கிடைக்கும் என்பதால், குறிப்பிட்ட பெயர் ஒன்றைப் பிடித்துக்கொள்வதைவிடத் தகுதிகளை அறிந்து தேடுவதே பயன் தரும்.

மின்பகுதியின் இயல்பும் ஆயுளும்

இன்றைய மின்னொலிக் கிற்றார்களில் பெரும்பாலானவற்றின் உணரி, சேடிலின் அடியில் கிடக்கும் மெல்லிய பீசோ பட்டையாகும். சில படிகங்கள் அழுத்தப்படும்போது மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்பதைக் கியூரி சகோதரர் 1880இல் கண்டறிந்தனர். அந்தப் பண்பே இங்கு பயன்படுகிறது. பீசோவின் சமிக்ஞை மிக மெலிந்தது. நீண்ட வயரில் நேராகச் சென்றால் தேய்ந்துவிடும். அதனை வலுப்படுத்தும் சிறு சுற்றே ‘பிரி-அம்ப்’ எனப்படும் முன்பெருக்கி. பொதுவாக ஒன்பது வோல்ட் பற்றரியில் இயங்குவது. வயரை ஜாக்கில் செருகியவுடன் சுற்று இயங்கத் தொடங்குவதால், வாசித்து முடித்ததும் வயரைக் கழற்றாவிட்டால் பற்றரி வீணே தீரும்.

விலை குறைந்த கருவிகளில் முதலில் பழுதடைவது இந்தப் பகுதியே. ஜாக்கின் ஈயப்பற்று விடும். பற்றரி கசிந்து தொடுகைகள் அரிக்கும். சில ஆண்டுகளில் அதே வடிவப் பெட்டி சந்தையில் இல்லாமற்போக, கருவியின் பக்கவாட்டில் சதுரமாக வெட்டிய துளை மட்டும் எஞ்சும். ஆயினும் இதே பகுதியே உள்ளூரில் திருத்தவும் மாற்றவும் எளிதானது. வானொலியும் தொலைபேசியும் திருத்தும் கடைகள் பல சந்திகளில் உண்டு. ஈயப்பற்று வைப்பது அங்கு அன்றாட வேலை.

உணரி இல்லாத கருவிக்குப் பின்னர் உணரி பொருத்தும் முறைகள் மூன்று. ஒலித்துளையில் கவ்விக்கொள்ளும் காந்த உணரி முதலாவது. மரத்தை வெட்டாமல் பொருத்தலாம், பலவகைகளுக்குப் பற்றரி தேவையில்லை, இடக்கை வலக்கை வேறுபாடும் பெரிதில்லை. உருக்குத் தந்தியில் மட்டுமே இது இயங்கும், நைலோனில் இயங்காது. குதிரைக்கு அடியில், பெட்டியின் உட்புறத்தில் ஒட்டும் பீசோ வட்டு இரண்டாவது. மிக மலிவானது, நைலோனுக்கும் ஏற்றது. பெட்டியில் படும் தட்டல்களையும் சேர்த்தே பெருக்கிவிடுவது அதன் குறை. சேடிலுக்கடியில் பட்டை பொருத்துவது மூன்றாவது. ஒலி நிலையானது, ஆனால் சேடிலின் அடிப்பகுதி முற்றிலும் சமமாகத் தேய்க்கப்படாவிட்டால் ஒரு தந்தி உரத்தும் இன்னொன்று மங்கியும் கேட்கும்.

வன்னியின் மேடைகளில் இன்னும் இரண்டு இடர்கள் கவனத்துக்குரியவை. கிற்றாரின் உட்காற்று ஏறத்தாழ நூறு ஹேர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயல்பாக அதிர விரும்புவதால், ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றால் அந்தத் தாழ்சுரம் சுழன்று பெருகி ஊளையிடும். ஒலித்துளையை இறப்பர் மூடியால் அடைப்பதும், தாழ்சுரக் கட்டுப்பாட்டைக் குறைப்பதும், ஒலிபெருக்கியின் பக்கவாட்டில் நிற்பதும் இதனைத் தணிக்கும். மின்பிறப்பாக்கியிலும் நிலத்தொடுப்பு இல்லாத தற்காலிக இணைப்பிலும் இயங்கும் ஒலியமைப்பில் இரைச்சல் ஏறுவது மற்றொன்று. கிற்றாருக்கும் மிக்சருக்கும் இடையில் ‘டி.ஐ.’ பெட்டி எனப்படும் சமிக்ஞை மாற்றியை வைத்தால் நீண்ட வயரிலும் இரைச்சல் குறையும். ஓர் ஆலயத்திற்கு ஒரு பெட்டி போதும். பல வாத்தியங்களுக்கும் அது உதவும்.

காலநிலையும் மரமும்

வன்னி உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழையில் காற்றின் ஈரம் மிகுந்து மரம் உப்பும். அதன்பின் நீளும் வெயில் மாதங்களிலும் சோளகக் காற்றின் வறட்சியிலும் மரம் சுருங்கும். கிற்றார் செய்வோர் நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வீத ஈரப்பதனை உகந்ததாகக் கொள்கின்றனர். இங்கு ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருக்கும். ஈரம் மிகும்போது மேற்பலகை புடைத்துக் குதிரையை உயர்த்த, தந்திகள் மெட்டுகளிலிருந்து விலகி அழுத்தக் கடினமாகும். உருக்குத் தந்திகள் எழுபது கிலோகிராமுக்கு மேற்பட்ட இழுவிசையை ஓயாது செலுத்துவதால், பசை தளர்ந்த குதிரை மெல்லப் பெயரவும் கூடும்.

முழுமரத்தாலான மேற்பலகை காலப்போக்கில் இனிய ஒலி தரும். பல மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்த பலகை ஒலியில் சற்றுப் பின்தங்கினாலும் ஈரமாற்றத்தைத் தாங்கும். வீட்டில் ஒருவரின் பராமரிப்பில் இருக்கும் கருவிக்கு முழுமர மேற்பலகையும் ஒட்டுப்பலகைப் பக்கங்களும் பொருந்தும். பூட்டிய தகரக் கூரைக் கட்டடத்தில் வாரம் முழுதும் கிடக்கும் பொதுக் கருவிக்கு முழுவதும் ஒட்டுப்பலகையே நல்லது. உறைக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொதிகளை இட்டு மாதந்தோறும் மாற்றுதல், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் விடாதிருத்தல், வாசித்தபின் தந்திகளை உலர்துணியால் துடைத்தல் என்பன செலவு குறைந்த காப்புகள். முல்லைத்தீவின் கரையோரத்தில் உப்புக்காற்று சாதாரணத் தந்திகளை விரைவில் துருவேற்றும். பூச்சிட்ட தந்திகள் விலை கூடினாலும் நீண்ட காலம் உழைப்பதால் அங்கு அவையே சிக்கனமானவை.

விலையும் சந்தையும்

2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், அவ்வாண்டின் நெருக்கடியில் முந்நூற்றறுபதை அண்டி, பின்னர் முந்நூறின் அயலில் நிலைகொண்டது. இருநூறு டொலர் விலையுள்ள ஒரு கருவியின் அடக்கவிலை இதனால் 40,000 ரூபாவிலிருந்து 72,000 வரை ஏறி, 60,000 அளவில் நின்றது எனக் கணிக்கலாம். சுங்கத் தீர்வையும், 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 வீதமான பெறுமதி சேர் வரியும், வணிகரின் இலாபமும் இதற்கு மேலானவை. மெதுவாக விற்பனையாகும் இடக்கைக் கருவியில் முதலை முடக்க உள்ளூர் வணிகர் தயங்குவது இயல்பே. ஆகவே வன்னி வாசிகள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ முன்பதிவு செய்து வாங்கவேண்டிய நிலை உள்ளது; ஏ-9 வீதியிலுள்ள மாங்குளத்திலிருந்து கிழக்கே விலகிச் செல்லும் வீதியில் வாழும் முல்லைத்தீவு மாணவருக்கு இத்தூரம் இன்னும் நீள்கிறது.

புலம்பெயர்ந்த உறவினர் இன்னொரு வாயில். கனடா, பிரித்தானியா, பிரான்சு ஆகிய நாடுகளில் பயன்படுத்திய இடக்கைக் கருவிகளின் சந்தை பெரியது. கியூபெக்கில் செய்யப்படும் சீகல் எஸ்6 போன்ற நல்ல கருவிகளின் இடக்கை வடிவங்கள் அங்கு கைமாறிக் கிடைக்கும். விடுமுறைக்கு வருவோர் அத்தகைய ஒன்றைக் கொண்டுவருவது, இங்கு புதிய மலிவுக் கருவி வாங்குவதைவிடத் தரத்தில் உயர்ந்ததாக அமையலாம். விமானத்தில் அனுப்புமுன் தந்திகளைத் தளர்த்தி, கழுத்தும் தலையும் இணையும் இடத்தைத் துணியால் இறுக்கிக் கட்டுவது அவசியம். பயணத்தில் முறிவது பெரும்பாலும் அவ்விடமே.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனைகள்

தந்திகளை மாற்றிப் பூட்டிய வலக்கைக் கருவி இடக்கைக் கருவியாக விற்கப்படலாம் என்பதால், சேடிலின் சாய்வையே முதலில் நோக்கவேண்டும். கருவியைத் தலை மேலாக நிறுத்தி முன்னிருந்து பார்க்கும்போது, உண்மையான இடக்கைக் கிற்றாரில் தடித்த தந்தி பார்ப்பவரின் வலப்பக்கத்தில் இருக்கும். சேடிலின் அந்த முனையே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அடுத்து, ஒவ்வொரு தந்தியையும் பன்னிரண்டாம் மெட்டின் மேல் மெல்லத் தொட்டு எழும் மேற்சுரத்தையும், அதே மெட்டில் அழுத்தி எழும் சுரத்தையும் கைத்தொலைபேசியின் சுருதிமானியால் ஒப்பிடவேண்டும். இரண்டும் ஒத்திருத்தல் நலம். கழுத்தை ஒரு முனையிலிருந்து கண்ணோட்டமிட்டு அது முறுகியிருக்கிறதா என்று பார்ப்பதும், பன்னிரண்டாம் மெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் இரண்டரை மில்லிமீற்றரையும் முதலாம் தந்தியின் உயரம் இரண்டு மில்லிமீற்றரையும் அண்டி இருக்கிறதா என்று அளப்பதும், குதிரையின் பின்விளிம்பில் தாள் நுழையும் இடைவெளி உண்டா என்று சோதிப்பதும் இன்றியமையாதவை. இறுதியாகவே வயரை இணைத்து, ஆறு தந்திகளும் ஒரேயளவில் ஒலிக்கின்றனவா என்பதையும், ஜாக்கை அசைக்கும்போது இரைச்சல் எழுகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து தெரிவின் வரிசை தெளிவாகிறது. கை முதலாவது, கழுத்தும் மரமும் இரண்டாவது, மின்பகுதி மூன்றாவது. சேடிலின் சாய்வும் கழுத்தின் நேர்த்தன்மையும் வன்னியில் திருத்த அரியவை. உணரியோ எந்நேரமும் சேர்க்கவும் மாற்றவும் கூடியது. ஆகவே ஒரே தொகைக்குத் தரங்குறைந்த இடக்கை மின்னொலிக் கிற்றாரும், உணரியற்ற ஆனால் தரமான இடக்கைக் கிற்றாரும் கிடைக்குமெனின், பின்னதை வாங்கி, அடுத்த அறுவடையின் பின் ஒலித்துளை உணரியைச் சேர்ப்பதே சிறந்தது. அதற்கும் வழியில்லாதவர் நைலோன் தந்திக் கருவியொன்றின் நட்டை மாற்றித் தொடங்கலாம்.

தனிமனிதரின் சேமிப்பு மட்டும் இப்பிரச்சினையைத் தீர்க்கவேண்டும் என்பதில்லை. தேவாலயங்களும் பாடசாலைகளும் இசைப் பயிற்சி நிலையங்களும் மாற்றுத்திறனாளிகளோடு பணியாற்றும் அமைப்புகளும் பொதுப் பயன்பாட்டுக்குக் கிற்றார்கள் வாங்கும்போது, பத்தில் ஒன்றையேனும் இடக்கைக் கருவியாக வாங்குவது மனித இயல்பின் விகிதத்துக்கே பொருந்துவதாகும். அத்தகைய ஒரு கருவி பொதுவில் இருந்தால், பிள்ளைகள் எந்தக் கையால் பயில்வது என்று சோதித்துப் பார்க்கலாம். காயமுற்றோர் மீண்டும் இசைக்க முயலலாம். குடும்பங்கள் பணம் செலவிடுமுன் உறுதி பெறலாம். கேள்வி எழும்போது வணிகரும் இருப்பில் வைக்கத் தொடங்குவர். இடக்கைப் பிள்ளை தன் கையை மறைத்துக்கொண்டு பயிலும் நிலையை மாற்றும் பொறுப்பு, கருவி வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் அடுத்த கொள்வனவுப் பட்டியலிலிருந்தே தொடங்கவேண்டும்.